ஆண்டறிக்கை: நம் சங்கத்தின் முதல் லெப்பர்ட் கெக்கோ குஞ்சுகள்

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களுக்கும், நிர்வாகக் குழுவினருக்கும், உறுப்பினர்கள் அனைவருக்கும் வணக்கம்.

வழக்கமான விவரங்களை முதலில் முடித்துவிடுகிறேன். அறிக்கை ஆண்டில் பொதுக்கூட்டம் 4 முறையும் நிர்வாகக் குழு 9 முறையும் கூடின. புதிதாக 6 பேர் சேர்ந்திருக்கிறார்கள். வரவு செலவுக் கணக்கைப் பொருளாளர் தனியாக வாசிப்பார். இரவல் கொடுக்கும் வெப்பமானிகளில் இரண்டு இன்னும் திரும்பி வரவில்லை, வைத்திருப்பவர்கள் தயவுசெய்து கொண்டுவந்து கொடுங்கள்.

மற்றபடி இந்த ஆண்டு முழுக்க நம் கவனத்தைப் பிடித்துக்கொண்டது ஒரே வேலைதான். லெப்பர்ட் கெக்கோ பல்லி இணை ஒன்றை முதன்முறையாகச் சேர்த்து, முட்டை எடுத்து, குஞ்சு பொரிக்க வைத்தோம். 9 முட்டைகளில் 4 குஞ்சுகள் வந்தன. அடுத்து முயல நினைக்கும் உறுப்பினருக்கு எங்கள் தவறுகளும் பயன்படும் என்பதால் எதையும் மறைக்காமல் எழுதுகிறேன்.

புதிய உறுப்பினர்களுக்கு ஒரு வார்த்தை. ஆப்கானிஸ்தான், பாகிஸ்தான், வடமேற்கு இந்தியா ஆகிய பகுதிகளின் வறண்ட, கல் நிறைந்த நிலங்களைச் சேர்ந்த பல்லி இது. 1854-ல் எட்வர்ட் பிளைத் இதை அறிவியல் உலகுக்கு விவரித்தார். சுவர்ப் பல்லிபோல் கண்ணாடியில் ஏறாது, விரலடியில் ஒட்டும் தகடுகள் கிடையாது. கண்ணை மூடித் திறக்க இமை உண்டு. கொழுப்பை வாலில் சேர்த்து வைக்கும். அந்த வாலைப் பற்றிப் பின்னால் நிறையச் சொல்ல வேண்டியிருக்கிறது.

பெண் பல்லி நம் உறுப்பினர் ஒருவருடையது. வயது 3, எடை 62 கிராம். ஒரு வயதாவது நிரம்ப வேண்டும், எடை 45 கிராமுக்குக் குறையக் கூடாது என்பது வளர்ப்போர் பொதுவாகக் கடைப்பிடிக்கும் விதி. நாங்கள் அதற்கும் மேலே இருந்தே தொடங்கினோம். ஆண் இன்னொரு உறுப்பினரிடமிருந்து வந்தது. கழிவுத் துளைக்கு மேலே கூரை முகடுபோல் வளைந்த துளை வரிசையும், வாலடியில் இரண்டு புடைப்பும் தெளிவாகத் தெரிந்ததால் பாலினத்தில் சந்தேகம் இல்லை. வேறு வீட்டுப் பல்லி என்பதால் 3 மாதம் தனி அறையில் வைத்து, கழிவைக் கிரிப்டோஸ்போரிடியம் என்ற குடல் ஒட்டுண்ணிக்கான பரிசோதனைக்கு அனுப்பி, முடிவு வந்த பிறகுதான் பக்கத்தில் கொண்டுவந்தோம். இந்த 3 மாதம் அதிகம் என்று சிலர் சொன்னார்கள். ஒரு தொற்று மொத்தச் சேகரத்தையும் காலி செய்துவிடக் கூடியது. அதை நினைத்தால் 3 மாதம் எனக்குப் பெரிதாகத் தெரியவில்லை.

சேர்த்த அன்று ஆண் வால் நுனியைத் தரையில் படபடவென்று அடித்த சத்தம் பக்கத்து அறை வரை கேட்டது. அப்புறம் பெண்ணின் கழுத்துத் தோலைக் கவ்வியது. முதல்முறை பார்ப்பவருக்குச் சண்டைபோலத் தோன்றும், ஆனால் அவற்றின் வழக்கமே அப்படித்தான். காயம் இருக்கிறதா என்று தினமும் பார்த்தோம். 6 நாள் கழித்து ஆணை எடுத்துவிட்டோம்.

இங்கேதான் நாங்கள் சரியாக யோசிக்காத விஷயம் வருகிறது. ஆணை எடுத்துவிட்டால் ஓர் ஈட்டோடு, அதாவது ஒரே தடவையில் இடும் முட்டைகளோடு, முடிந்துவிடும் என்று எங்களில் பாதிப்பேர் நம்பியிருந்தோம். பெண் கெக்கோ விந்தணுவை உடலுக்குள் சேமித்து வைக்கும், ஒரு முறை சேர்ந்தாலே அந்தப் பருவம் முழுதும் முட்டையிட முடியும். படித்துத் தெரிந்திருந்தோம், ஆனால் கணக்கில் எடுத்துக்கொள்ளவில்லை. 6 நாள் சேர்க்கைக்கு 5 ஈடு வந்தது. இரண்டு மூன்று வாரத்துக்கு ஒரு முறை, ஈட்டுக்கு இரண்டிரண்டாக, கடைசியில் மட்டும் ஒன்று. தொடங்குவதா வேண்டாமா என்பது நம் முடிவு. தொடங்கிய பிறகு எப்போது நிறுத்துவது என்பது அந்தப் பல்லியின் உடலுக்குத்தான் தெரியும்.

முட்டையிடும் பெட்டியாக, மூடியில் நுழைவாய் வெட்டிய பிளாஸ்டிக் டப்பாவில் ஈரமான தேங்காய் நார்த்தூளைக் கொஞ்சம் ஆழமாகப் போட்டு வைத்தோம். முட்டையிட நாலைந்து நாள் இருக்கும்போதே அது தீனியைத் தொடவில்லை. வயிற்றின் இரு பக்கமும் தோலுக்கு அடியில் இரண்டு வெளிறிய உருண்டைகள் தெரிந்தன. இரவெல்லாம் தோண்டியது. காலையில் நார்த்தூளுக்குள் இரண்டு முட்டை, பக்கத்தில், வயிறு குழி விழுந்து, நார்த்தூள் ஒட்டிய விரல்களோடு அசந்து தூங்கும் தாய். அந்தக் காலையில், பெண் பல்லியை வளர்க்கும் உறுப்பினர் அக்கா தொலைபேசியில் பேசிய குரலை நான் மறக்க மாட்டேன்.

முதல் ஈட்டில் ஒரு முட்டை மஞ்சளாகத் தொளதொளவென்று இருந்தது, அது கருவில்லாதது. மற்றொன்று சுண்ணாம்பு வெள்ளையாக இறுகியது. மேல்பக்கத்தில் பென்சிலால் புள்ளி வைத்து, அந்தப் பக்கம் மேலேயே இருக்கும்படி எடுத்து வைத்தோம். கரு ஒட்டிக்கொண்ட பிறகு முட்டையைத் திருப்பினால் கரு செத்துவிடலாம், கோழி முட்டைப் பழக்கம் இங்கே கூடாது. ஒரு வாரம் கழித்து இருட்டில் சின்ன டார்ச் பிடித்துப் பார்த்தபோது உள்ளே சிவப்பு நரம்புகள் வலைபோல ஓடின. வெர்மிகுலைட் என்ற, ஈரம் பிடித்து வைக்கும் கனிமத் துகளும் அதே எடைத் தண்ணீரும் கலந்த டப்பாவில் முட்டையை அரைவாசி புதைத்து இன்குபேட்டரில் வைத்திருந்தோம்.

என்ன வெப்பத்தில் வைப்பது என்பதற்கு மட்டும் ஒரு முழு நிர்வாகக் குழுக் கூட்டம் ஓடியது. லெப்பர்ட் கெக்கோவுக்குப் பாலினம் முட்டைக்குள் இருக்கும்போது கிடைக்கும் வெப்பத்தைப் பொறுத்தது. 26 டிகிரி செல்சியஸில் ஏறக்குறைய எல்லாமே பெண். 32.5 டிகிரி அளவில் பெரும்பாலும் ஆண். 34-ஐத் தாண்டினால் மறுபடியும் பெண் வரும், ஆனால் அந்த வெப்பம் கருவுக்கு ஆபத்தான எல்லை. ஆண்கள் ஒன்றோடொன்று கடுமையாகச் சண்டையிடும், ஒவ்வொன்றுக்கும் தனி வீடு வேண்டும். அதனால் பெண் அதிகம் வரட்டும் என்று 28 டிகிரி வைக்க முடிவு செய்தோம். 56-வது நாள் முதல் குஞ்சு வந்தது.

இரண்டாம் ஈடு என் பொறுப்பில் இருந்தது. இரண்டுமே நல்ல முட்டை, நரம்பு பார்த்தாகிவிட்டது. வெப்பத்தைக் கட்டுப்படுத்தும் தெர்மோஸ்டாட்டின் உணர்வுக் கம்பி இரவில் நழுவி டப்பாவுக்கு வெளியே குளிர்ந்த பக்கத்தில் விழுந்திருக்கிறது. உள்ளே குளிர்கிறது என்று நினைத்து ஹீட்டர் ஓடிக்கொண்டே இருந்தது. விடியும்போது 38 டிகிரி. இரண்டு கருவும் போய்விட்டன. கம்பியைச் சும்மா செருகி வைத்தது நான்தான், உறுப்பினர்களிடம் இதற்காக மன்னிப்பு கேட்டுக்கொள்கிறேன். இப்போது அதை இரண்டு இடத்தில் கட்டியிருக்கிறோம், உச்ச வெப்பத்தைப் பதிவு செய்யும் இரண்டாவது வெப்பமானியும் உள்ளே இருக்கிறது. இன்குபேட்டரை முட்டை இல்லாமல் ஒரு வாரமாவது ஓட்டிப் பார்த்த பிறகே இனி பயன்படுத்த வேண்டும்.

மூன்றாம் ஈடு 53-வது நாளும் 55-வது நாளும் பொரித்தது. பொரிப்பதற்கு முந்தைய நாள் முட்டையில் வியர்வைபோல நீர் துளிர்த்து ஓடு சுருங்கியதைப் பார்த்து, கெட்டுவிட்டது என்று தூக்கிப்போட இருந்தோம். பொரிக்கப் போகும் முட்டை அப்படித்தான் இருக்கும். குஞ்சு ஒவ்வொன்றும் 3 கிராம் அளவு, மஞ்சளில் கறுப்புப் பட்டை. பெரியவற்றின் புள்ளி எதுவும் இன்னும் வந்திருக்கவில்லை. பொரித்த கொஞ்ச நேரத்தில் முதல் சட்டையை உரித்து, உரித்ததைத் தின்றுவிட்டன. மஞ்சள் கரு மிச்சம் இருப்பதால் முதல் சில நாள் தீனி தேவைப்படாது. அதன் பிறகு, கண்களுக்கு நடுவே உள்ள அகலத்தைவிடச் சிறிய கிரிக்கெட் பூச்சிகளை, கால்சியம் தூவிக் கொடுத்தோம்.

ஒரே ஓர் இரவு இரண்டு குஞ்சுகளை ஒன்றாக வைத்தேன், தனி டப்பா தயாராகவில்லை. காலையில் ஒன்றுக்கு வால் இல்லை. வால் மறுபடி முளைத்துவிட்டது, ஆனால் வழவழப்பாக, முள்ளங்கிபோலக் குண்டாக. முதல் வால் திரும்ப வராது. முட்டை பொரிக்கும் முன்பே, முட்டை எத்தனையோ அத்தனை டப்பா தயாராக இருக்க வேண்டும்.

இனி தாயின் வாலுக்கு வருகிறேன். நான்காம் ஈடு வந்த வாரத்தில் எடை 51 கிராம். தடித்திருந்த வால் ஒடுங்கி, இடுப்பெலும்பு தெரிந்தது. முட்டை ஓட்டுக்கான கால்சியத்தைத் தாய் தன் எலும்பிலிருந்தே எடுத்துக் கொடுக்கும், ஈடுகட்டாவிட்டால் எலும்பு மென்மையாகிவிடும். வைட்டமின் டி3 கலந்த கால்சியம், நன்றாகத் தீனி போட்டு வளர்த்த பூச்சிகள், வாரம் இருமுறை சமையலறைத் தராசில் எடை என்று அக்கா கவனித்துக்கொண்டார். முட்டை உள்ளே சிக்கிக்கொண்டால் உடனே போக ஊர்வன மருத்துவர் ஒருவரிடமும் முன்கூட்டியே பேசி வைத்திருந்தார். நல்லவேளை, தேவைப்படவில்லை. நான்காம் ஈட்டில் ஒன்று பூஞ்சை பிடித்துப் போனது, ஒன்று பொரித்தது. ஐந்தாவது கருவில்லாத முட்டை. தாய் இப்போது 58 கிராம், வால் மறுபடி உருண்டு வருகிறது.

4 குஞ்சுகளில் இரண்டு உறுப்பினர் வீடுகளுக்குப் போயின, ஒன்று அக்காவிடமே இருக்கிறது, வால் இழந்தது என்னிடம். 9 முட்டையும் பொரித்திருந்தால் எங்கே வைத்திருப்போம் என்று யாரிடமும் பதில் இல்லை. 15, 20 ஆண்டு வாழும் உயிர் இது. வேண்டாத முட்டையை இட்ட அன்றே உறைபெட்டியில் வைத்துவிடலாம் என்பதில் நமக்குள் கருத்து வேறுபாடு உண்டு. என் கருத்து, வீடு இல்லாத குஞ்சைவிட அது நல்லது.

நிறங்களைப் பற்றியும் ஒன்று. நம் ஆணின் மூதாதையரில் அல்பினோ, அதாவது கறுப்பு நிறமி இல்லாத வகை, இருந்ததாகச் சொல்கிறார்கள், ஆனால் ட்ரெம்பர், பெல், ரெயின்வாட்டர் ஆகிய மூன்றில் எந்த வகை என்று பதிவு இல்லை. இந்த மூன்றும் தனித்தனி மரபணுக்கள், ஒன்றோடு ஒன்று சேர்த்தால் அல்பினோ வராது. அதனால் குஞ்சுகளை அல்பினோ வாரிசு என்று சொல்லி யாருக்கும் கொடுக்கவில்லை. லெமன் ஃப்ராஸ்ட் என்ற நிற வகையோடு தோல் கட்டியும் சேர்ந்தே வருவதை 2021-ல் வெளியான மரபணு ஆய்வு காட்டியது. எனிக்மா என்ற இன்னொரு நிற வகைக்கு நரம்புக் கோளாறு, தலை சாய்ந்து வட்டமடிக்கும். அழகுக்காக இவற்றைப் பெருக்குவதை நான் ஏற்க மாட்டேன்.

பொதுக்குழு முன் மூன்று தீர்மானங்களை வைக்கிறேன். இந்தத் தாய்க்கு வரும் பருவம் முழுதும் ஓய்வு. குறைந்தது 8 குஞ்சுகளுக்கு வீடு எழுத்தில் உறுதியான பிறகே எந்த இணையையும் சேர்ப்பது. லெமன் ஃப்ராஸ்ட், எனிக்மா இரண்டையும் சங்கத்தின் பெயரில் இனப்பெருக்கம் செய்வதில்லை. எடைப் பதிவேடும் வெப்பப் பதிவேடும் மேசையில் இருக்கின்றன, பார்த்துவிட்டு வாக்களியுங்கள்.

இப்படிக்கு,
செயலாளர்