முதிரை யன்னலை விறகாக்க வேண்டாம்

ஆசிரியர் அவர்களுக்கு,

போன மாதம் எங்கள் ஒழுங்கையில் ஒரு வீடு திருத்தினார்கள். நான்கு சோடி முதிரை மர யன்னல் கழற்றி முற்றத்தில் போட்டுக் கிடந்தது. கேட்டதற்கு, "உக்கிப்போச்சு ஐயா, அலுமினியம் போடப்போறம்" என்றார் வீட்டுக்காரத் தம்பி. குந்தியிருந்து பேனாக்கத்தியால் குத்திப் பார்த்தேன். உக்கியிருந்தது அடிச்சட்டத்தில் ஒரு மூலை, நான்கு விரல் நீளம். மற்ற இடமெங்கும் கத்தி நுனி இறங்கவேயில்லை. அடுத்த நாள் போனால் இரண்டு சோடி விறகாகப் பிளந்திருந்தது. அந்த வயிற்றெரிச்சலில்தான் இதை எழுதுகிறேன்.

நான் முல்லைத்தீவு மாவட்டத்து ஒட்டுசுட்டான்காரன், தச்சர் வீட்டுப் பிள்ளை. லண்டனில் 26 வருசம் பழைய யன்னல் திருத்தும் பட்டறையில் நின்றேன். அங்கத்தைய யன்னல் நம்முடையது போல வெளியே திறக்காது. இரண்டு கண்ணாடிச் சட்டம், மேலும் கீழும் ஓடும். ஸாஷ் யன்னல் என்பார்கள். தூக்கிய சட்டம் தூக்கிய இடத்தில் நிற்கும். நிலைக்குள் மறைவாக ஒரு பெட்டி, அதற்குள் வார்ப்பிரும்புக் குண்டு, கப்பியில் ஓடும் பருத்திக் கயிறு. துலாவின் அடியில் கல்லுக் கட்டுகிற அதே கணக்குத்தான்.

கயிறு அறுந்தால் சட்டம் 'தடால்' என்று கீழே விழும். உடனே வீட்டுக்காரர் பிளாஸ்ரிக் யன்னல் விற்பவனைக் கூப்பிடுவார். அறுந்ததோ கயிறு மட்டும். உள் ஓரத்துக் கம்பைக் கழற்றிச் சட்டத்தை வெளியே எடுத்து, நிலையின் பக்கப் பலகையில் இருக்கும் சின்னக் கதவைத் திறந்தால் குண்டு கையில் வரும். புதுக்கயிறு கோத்தால் சரி. தடித்த கண்ணாடி போட்டால் மட்டும் சட்டத்தைத் தராசில் நிறுத்து, குண்டையும் மாற்றவேண்டும். மேற்சட்டத்துக் குண்டுகள் சட்டத்தை விடக் கொஞ்சம் பாரம் கூட, கீழ்ச்சட்டத்துக்குக் கொஞ்சம் குறைவு. அப்போதுதான் இரண்டும் பூட்டினபடி நிற்கும். அசையாத யன்னல் என்று கூப்பிட்ட வீடுகளில் பாதிக்கு மேல் நான் செய்தது ஒன்றே ஒன்று: பெயின்ற் மேல் பெயின்ற் பூசி ஒட்டிப்போன இடுக்கில் கத்தி ஓட்டியது.

நூறு, நூற்றைம்பது வருசத்து யன்னல்கள் அவை. நம்முடைய முதிரையோடு பார்த்தால் அந்தப் பைன் மரம் ஒரு மரமே இல்லை. அதையே அவர்கள் ஒட்டுப் போட்டு வைத்திருக்கிறார்கள். லண்டனில் 1709இல் ஒரு கட்டட விதிச் சட்டம் வந்தது: மரநிலையைச் சுவர் முகத்திலிருந்து 4 அங்குலம் உள்ளே தள்ளி வைக்கவேண்டும். தீ தாவாமல் இருக்கப் போட்ட சட்டம், மழையிலிருந்தும் மரத்தைக் காத்தது. இங்கே புதுவீடுகளில் நிலையைச் சுவர் முகத்தோடு வைத்துவிட்டு, தாவாரத்தையும் ஒரு சாணுக்குக் குறுக்கினால், மாரியில் வாடைக்காற்றோடு வரும் தூவானம் எங்கே போகும்?

உக்கல் தொடங்கும் இடம் அங்கேயும் இங்கேயும் ஒன்று: யன்னல் கதவின் அடி விளிம்பு. பூட்டியபின் தூரிகை போகாததால் அந்த இடம் பெயின்ற் காணாமலே கிடக்கும். முகம் பார்க்கும் கண்ணாடித் துண்டொன்றைக் கீழே பிடித்துப் பாருங்கள், வெறும் மரம் தெரியும். தண்ணீரை அது திரி மாதிரி உறிஞ்சும். உக்கலை நல்ல மரம் வரும்வரை வெட்டி, சாய்வாக வாளோட்டி, அதே மரத்தில், அதே நார்ப்போக்கில் துண்டு பொருத்தி, பசை போட்டு மர ஆணி அறைந்தால் அடுத்த தலைமுறைக்கும் நிற்கும்.

நானும் பிழை விட்டவன்தான். ஊருக்கு வந்த முதல் மார்கழியில் தங்கச்சி வீட்டு யன்னல் இறுகிவிட்டதென்று சீவுளி போட்டேன். சித்திரையில் பார்த்தால் இடைவெளியில் சுண்டுவிரல் போகிறது. மாரியில் ஊதிய மரம் கோடையில் சுருங்கும் என்பதை அப்பா சொல்லித் தந்திருந்தார். அங்கே இருந்து மறந்துபோனேன். அந்த யன்னலுக்கு ஒரு கதையும் உண்டு. 2010இல் தங்கச்சி குடும்பம் முகாமிலிருந்து திரும்பியபோது வீட்டில் கூரையும் இல்லை, நிலையும் இல்லை. ஒரு சோடி மட்டும் பக்கத்து வளவில் ஆட்டுக்கொட்டில் கதவாக நின்றது. கேட்டு வாங்கி வந்தாளாம்.

அலுமினியம் கூடாது என்று சொல்லவில்லை. கறையான் தொடாது, உண்மை. ஆனால் இரண்டு கண்ணாடி வழுக்கும் யன்னலில் எப்போதும் பாதிதான் திறக்கும். பங்குனி வெக்கையில் அந்தப் பாதியின் அருமை தெரியும்! வெள்ளைக்காரன் கூட மேற்சட்டத்தை இறக்கி, கீழ்ச்சட்டத்தை ஏற்றிச் சூட்டுக்காற்றை மேலால் அனுப்புவான். அந்த வேலையை நம் வீடுகளில் யன்னலுக்கு மேலே வைத்த காற்றுக்கண் செய்தது. இப்போது அதையும் அடைத்துவிடுகிறார்கள்.

இன்று முதிரை வெட்டவும் ஏற்றவும் அனுமதி வேண்டும். கிடைத்தாலும் பழைய வைரம் இல்லை. எனவே ஒரு கோரிக்கை. எங்கள் மாவட்டங்களில் தொழிற்பயிற்சி கொடுக்கும் நிலையங்கள் புதிது பூட்டுவதோடு பழையதைத் திருத்தவும் இரண்டு கிழமை ஒதுக்கட்டும். சாய்வெட்டுத் தெரிந்த பெடியன் ஒருவனை இந்தப் பக்கம் தேடி எனக்கு இன்னும் கிடைக்கவில்லை. கூலி கேட்காமல் வந்து காட்டித்தர நான் தயார்.

மிஞ்சிய இரண்டு சோடியும் இப்போது என் விறாந்தையில் சாத்தியிருக்கின்றன. அடிச்சட்டம் ஒட்டியாகிவிட்டது. பெயின்ற் பங்குனியில், மரம் காய்ந்த பிறகு.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற தச்சர்,
ஒட்டுசுட்டான்.