தலைக்காயம் ஆறிய பிறகு

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சாலை விபத்துகள் குறித்துத் தங்கள் இதழில் வெளியான கட்டுரை உயிர் பிழைப்பதோடு முடிந்துவிட்டது. பிழைத்தவரின் பிந்தைய ஆண்டுகளை அருகிலிருந்து பார்ப்பவன் என்ற முறையில் இதை எழுதுகிறேன்.

பைக்கிலிருந்து விழுந்து தலையில் அறுவைச் சிகிச்சை நடந்தபோது என் அண்ணனுக்கு வயது 38. வயர்மேன் என்றால் எங்கள் ஊரில் அவரைத்தான் தேடி வருவார்கள். இன்று நன்றாக நடக்கிறார், பேசுகிறார்; தழும்பையும் முடி மூடிவிட்டது. ஆனால் மூளையின் முன்பகுதியில் பட்ட அடி, ஒரு வேலையை எங்கே தொடங்கி எப்படி முடிப்பது என்ற ஒழுங்கையும், வாய்க்கு வந்ததை அடக்கிக்கொள்ளும் நிதானத்தையும் குலைத்துவிட்டது. மெயினை அணைத்தோமா என்பதே நினைவில் நிற்காதவரை யார் வேலைக்குக் கூப்பிடுவார்கள்? டீக்கடையில் நான்கு பேர் ஒரே நேரத்தில் பேசினால் தொடர முடியாமல் எரிந்து விழுகிறார். மருத்துவமனைக்கு வேன் பிடித்து வந்த நண்பர்கள், "ஆளு முன்ன மாதிரி இல்ல" என்று ஓராண்டுக்குள் விலகிவிட்டார்கள்.

நாங்களும் தவறு செய்தோம். தங்கை மகளின் காதுகுத்தில், கூட்டத்தைக் கண்டு கோபப்படுவாரோ என்று பயந்து, மூத்த தாய்மாமன் அவர் இருக்கக் குழந்தையை என் மடியில் உட்கார வைத்தோம். பந்தலின் ஓரத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தவர் அன்று சாப்பிடவில்லை. வேலை போனபோதுகூட அவர் அப்படி ஒடுங்கிப்போனதில்லை. இளையவளுக்கு விடியற்காலையில், மைக்கும் மேளமும் இல்லாமல், பத்தே பேரோடு குலதெய்வக் கோயிலில் நடத்தினோம். அவர் மடியில்தான் காது குத்தினார்கள். சத்தமும் கூட்டமும் குறைந்தால் அவரால் முடியும் என்று தெரிந்துகொள்ள எங்களுக்கு மூன்று ஆண்டுகள் ஆயின. வீட்டுக்கு அனுப்பிய அன்றே யாராவது சொல்லியிருக்கலாம்.

2021 டிசம்பரில் தொடங்கிய 'இன்னுயிர் காப்போம் – நம்மைக் காக்கும் 48' திட்டம் விபத்தில் சிக்கியவருக்கு முதல் 48 மணி நேரச் சிகிச்சையை இலவசமாகத் தருவது பெரிய காரியம். அதற்குப் பிந்தைய காலத்துக்குத்தான் வழியில்லை. 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் பட்டியலிடும் 21 வகைகளில் தலைக்காயத்தால் வரும் மூளைப் பாதிப்புக்குத் தனிப் பெயர் இல்லை. கைகால் நன்றாக இருப்பவரை எந்த வகையில் சேர்ப்பது என்று தெரியாமல், சான்றிதழுக்காகப் பிரிவு பிரிவாக அலைந்தோம்.

அப்படி ஒரு நாள் வரிசையில், அதேபோல் அடிபட்ட லாரி ஓட்டுநர் ஒருவரோடு அண்ணன் அரை மணி நேரம் பேசினார். இருவருமே மெதுவாகப் பேசினார்கள், வார்த்தை வரும்வரை மற்றவர் காத்திருந்தார். "அவனுக்குப் புரியுதுடா" என்றார் திரும்பும் வழியில். மாவட்டத் தலைமை மருத்துவமனைகளில் இத்தகையவர்கள் மாதம் ஒருமுறையாவது கூடி உட்கார ஓர் அறை ஒதுக்க வேண்டும் என்று தங்கள் இதழ் வலியுறுத்தும்படி கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
பெயர் வெளியிட விரும்பாத வாசகர்,
திண்டுக்கல் மாவட்டம்