லைட் போர்ட் வாங்க முதல் மூடியைத் திறந்து பாருங்கோ

ஆசிரியருக்கு வணக்கம்,

நான் திருகோணமலையில வயரிங் வேலை செய்யிறவன். உப்புவெளிப் பக்கம் கடலைப் பாத்த ஒரு மண்டபத்துக்கு மாரி முடியத்தான் கூப்பிட்டாங்க. விசயம் என்னண்டா விடிஞ்சும் வெளி லைட் அணையிதில்ல, வாச்சர் ஐயா நாளும் காலம்பற பிரேக்கரையே இறக்கி பின்னேரம் திருப்பி ஏத்திக்கொண்டு இருந்திருக்கிறார். வெளி லைட்டுகளை நேரத்துக்குத் தானா போட்டு அணைக்கிற போர்டைத் திறந்தா அடித்தகடு பொரிஞ்ச துரு, செம்புக் கம்பி முழுக்கப் பச்சை பிடிச்சிருக்கு, லைட்டுக்குக் கரண்டைத் தானா விட்டு வெட்டுற சுவிட்சான ரிலேயின்ர முனை ரெண்டும் உருகி ஒண்டோட ஒண்டு ஒட்டிப்போய்க் கிடக்கு. பூட்டி ரெண்டு வருசம்கூட ஆகேல்ல.

சாமான் மோசமில்ல, தெரிஞ்செடுத்ததுதான் பிழை. 50 வாட்ஸ் எல்ஈடி பிளட் லைட் 30, மொத்தம் 1500 வாட்ஸ், 230 வோல்ட்ஸுக்கு ஆறரை ஆம்பியர்தான் வரும், அப்ப 16 ஆம்பியர் ரிலே தாராளம் எண்டு யாரும் நினைப்பாங்க. ஆனா எல்ஈடிக்கு ஏத்த மாதிரிக் கரண்டை மாத்திக் குடுக்கிற டிரைவருக்குள்ள, கரண்டைச் சேத்து வைக்கிற கெப்பாசிட்டர் இருக்கு, சுவிட்ச் விழுற அந்தக் கணத்தில அது வழமையைவிடப் பல மடங்கு இழுக்கும், கண் மூடித் திறக்க முதல் முடிஞ்சிடும், ஆனா 30உம் ஒண்டா இழுத்தா முனை வெல்ட் ஆகிடும். அதால ஆம்பியரை மட்டும் கேக்காதேங்கோ, எல்ஈடிக்கு எவ்வளவு தாங்கும் எண்டு ரிலேயின்ர விவரத் தாளில போட்டிருக்கா எண்டு கேளுங்கோ, லைட்டை மூண்டு லைனாப் பிரிச்சு ஒண்டுக்குப் பிறகு ஒண்டு எரியிற மாதிரி விடுங்கோ.

பெட்டியும் அப்பிடித்தான், எங்கட உப்புக் காத்துக்கு சும்மா பெயின்ட் அடிச்ச தகடு நிக்காது, பொலிகார்பனேட் பிளாஸ்டிக் இல்லாட்டி உப்பைத் தாங்கிற 316 ரக ஸ்டெயின்லெஸ், அதோட தூசியும் பீச்சியடிக்கிற தண்ணியும் உள்ள போகாது எண்டு காட்டுற ஐபி65 இருக்கோணும். வயர் கீழால ஏறோணும், மேலால ஓட்டை போட்டா வாடை மழைத் தண்ணி நேரா உள்ளுக்கதான்.

டைமரைப் பத்தி ஒண்டு. இஞ்ச கார்த்திகையில ஆறுக்கு முதலே பொழுது படும், ஆடியில ஆறரை ஆகும், ஒரே நேரத்தை வச்சா எப்பவும் பிழைக்கும், ஊரின்ர இடத்தைக் குடுத்தா சூரியன் படுற நேரத்தைத் தானே கணக்குப் பாக்கிற டைமர் இருக்கு, அதைத்தான் வாங்கோணும். உள்ள பற்றரியும் வேணும். 2022இல நாளுக்கு 13 மணித்தியாலம் வரைக்கும் கரண்ட் வெட்டினது மறந்திருக்க மாட்டீங்க, பற்றரி இல்லாத டைமர் எல்லாம் நேரம் தப்பி நடுப்பகலில எரிஞ்சதை என்ர கண்ணாலயே கண்டனான்.

படிக்கட்டு எமர்ஜென்சி லைட்டை மட்டும் தயவுசெய்து இந்தப் போர்டில குடுக்க வேண்டாம்.

விலை கேக்கப் போகேக்க நிர்வாக சபைக்காரர் வாச்சரையும் கூட்டிக்கொண்டு போங்கோ. ராவில கஷ்டப்படுறது அவர்தான். கையால போட, அணைக்க, தானா ஓட எண்டு மூண்டு நிலையில திருப்பிற சுவிட்ச் வெளிய இருக்கா, எந்த லைன் எந்த லைட் எண்டு கதவின்ர உள்பக்கம் தமிழில ஒட்டித் தருவாங்களா, அதை அவரே கேக்கட்டும்.

இப்படிக்கு,
வயரிங் வேலை செய்யும் வாசகர்,
திருகோணமலை