4868 மட்டும் போதாது

ஆசிரியருக்கு வணக்கம்.

சென்ற இதழின் வருமான வரிக் கேள்வி-பதில் பகுதியைப் படித்தேன். வருமான வரி ரிட்டர்னைப் போடக் கூடுதல் அவகாசம் (எக்ஸ்டென்ஷன்) கேட்கும் 4868 படிவத்தை ஏப்ரல் 15-க்குள் போட்டுவிட்டால் அக்டோபர் 15 வரை கவலையில்லை என்று ஒரு வாசகருக்குப் பதில் சொல்லியிருக்கிறீர்கள். அமெரிக்க மத்திய வரித்துறையான ஐ.ஆர்.எஸ். வரைக்கும் அது சரி, மாநில வரி தனி. ஆனால் கேள்வி கேட்டவர் நியூஜெர்சி மாநிலத்து ஜெர்சி சிட்டியில் குடியிருந்து நியூயார்க்கின் மன்ஹாட்டனில் வேலை பார்ப்பவர். அவர் இந்தப் பதிலை மட்டும் நம்பியிருந்தால் மாட்டிக்கொள்வார். நான் மாட்டிக்கொண்டேன், அதனால்தான் எழுதுகிறேன்.

எனக்கு எடிசனில் வீடு, நியூயார்க்கில் வேலை. சில ஆண்டுகளுக்கு முன் அப்பா தவறியபின் ஊரில் இருந்த வங்கி வைப்புகள் என் பெயருக்கு மாறின. அங்கே கணக்கு ஏப்ரலிலிருந்து மார்ச் வரை, இங்கே ஜனவரியிலிருந்து டிசம்பர் வரை. வங்கி கொடுக்கும் வட்டிச் சான்றிதழை அப்படியே எடுத்து இங்கே போட முடியாது. இரண்டு நிதியாண்டுகளின் கணக்கை வாங்கி மாதவாரியாகப் பிரிக்க வேண்டும். ஏப்ரலுக்குள் முடியாது என்று தெரிந்ததும், எங்கள் பக்கத்தில் வரி போட்டுக் கொடுக்கும் ஒருவரிடம் போனேன். 4868 போட்டார். "மாநிலத்துக்குத் தனியாக எதுவும் வேண்டாம், இதையே ஏற்றுக்கொள்வார்கள்" என்றார். ஆகஸ்டில் எல்லா ரிட்டர்னையும் ஃபைல் செய்தோம். அந்த வருடம் கம்பெனி கொடுத்த பங்குகளுக்குப் பிடித்தம் குறைவு என்பதால் நியூயார்க்குக்கு 900 டாலர் பாக்கி இருந்தது. அதையும் சேர்த்தே கட்டினோம். பிறகு கடிதம் வந்தது. தாமதமாக ஃபைல் செய்ததற்கு அபராதமும் வட்டியும் சேர்ந்து 200 டாலரைத் தொட்டது.

அவர் சொன்னது நியூஜெர்சிக்குப் பொருந்தும். இங்கே ஐ.ஆர்.எஸ். எக்ஸ்டென்ஷன் இருந்தால் மாநிலமும் அதை ஏற்றுக்கொள்கிறது, ஆனால் ஒரு நிபந்தனையோடு: வருடத்து மாநில வரியில் 80 சதவீதமாவது ஏப்ரல் 15-க்குள் கட்டியிருக்க வேண்டும். ஐ.ஆர்.எஸ்.ஸிடம் அவகாசம் கேட்காதவர்கள் என்ஜே-630 என்ற மாநிலப் படிவத்தைப் போட வேண்டும். 80 சதவீதத்துக்குக் குறைந்தால் எக்ஸ்டென்ஷனே கிடைக்காததுபோல் ஆகிவிடும். அபராதம் ஏப்ரல் கெடுவிலிருந்தே ஓடும், பாக்கி வரியில் மாதம் 5 சதவீதம், அதற்கு மேல் மாதத்துக்கு 100 டாலர்கூடப் போடலாம். என்னைப்போல் நியூயார்க்கில் வரி கட்டுபவர்களுக்கு அந்த வரியை நியூஜெர்சியில் கழித்துக் கொடுப்பதால் இங்கே பாக்கி பெரும்பாலும் சொற்பம்தான். ஆற்றுக்கு அந்தப் பக்கம்தான் சிக்கல். நியூயார்க் 4868-ஐ ஏற்பதே இல்லை. ஏப்ரல் 15-க்குள் ஐடி-370 என்ற தன் படிவத்தையே கேட்கிறது. அங்கே குடியில்லாமல் வேலை மட்டும் பார்ப்பவர்களுக்கும் அதே விதிதான்.

அந்தப் படிவத்தில் என்ன இருக்கிறது என்று பாருங்கள். ஏன் தாமதம் என்று யாரும் கேட்பதில்லை. பெயர், எண், இவ்வளவு வரி வரும் என்ற கணிப்பு, கையோடு கட்டும் பணம், அவ்வளவுதான். மாநிலத்தின் இணையதளத்திலேயே செலவில்லாமல் போட்டுவிடலாம். கேட்டவருக்கெல்லாம் கிடைக்கும் அவகாசம் அது. அப்படி இருக்கும்போது, அதைத் தனியாகக் கேட்க மறந்தவருக்கு மாதம் 5 சதவீதம், 25 சதவீதம் வரை அபராதம் என்பதை என்னால் ஏற்கவே முடியவில்லை. பணம் கட்டத் தாமதமானால் மாதத்துக்கு அரை சதவீதம்தான். பணத்தைத் தாமதப்படுத்துவதைவிடக் காகிதத்தைத் தாமதப்படுத்துவது பத்து மடங்கு குற்றமா? பாக்கி இல்லாதவர்களுக்கு அபராதம் வராது என்பதால், வருடக்கணக்கில் ஐடி-370 போடாமலே இருந்து, பாக்கி விழும் வருடத்தில்தான் பலருக்கு இது தெரியவருகிறது.

இப்படி இருந்துதான் ஆக வேண்டும் என்றும் இல்லை. கலிபோர்னியாவில் படிவமே கிடையாது. அக்டோபர் 15 வரை எல்லோருக்கும் தானாகவே அவகாசம். பணத்தை மட்டும் ஏப்ரலில் கட்டிவிட வேண்டும். இல்லினாயிலும் அப்படித்தான். வர்ஜீனியாவில் கடைசித் தேதியே மே 1, அங்கிருந்து ஆறு மாதம் தானாகக் கிடைக்கும், 90 சதவீத வரி மட்டும் மே 1-க்குள் போயிருக்க வேண்டும். வெளிநாட்டு வங்கிக் கணக்குகளைத் தெரிவிக்கும் எஃப்பார் அறிக்கைக்குக்கூட, கேட்காமலே அக்டோபர் 15 வரை நேரம் தருகிறார்கள். அவ்வளவு கண்டிப்பான அறிக்கைக்கே தர முடியும்போது நியூயார்க்குக்கு என்ன தடை?

நம்மவர்களுக்கு இது ஏன் முக்கியம் என்றும் சொல்லிவிடுகிறேன். எக்ஸ்டென்ஷன் போடுபவர்கள் சோம்பேறிகள் என்று ஒரு பேச்சு உண்டு. அது தவறு. எச்-1பி வேலை விசாவில் அக்டோபரில் வந்து இறங்கிய ஒரு தம்பியை எடுத்துக்கொள்ளுங்கள். வந்த வருடத்திலேயே தன்னை இங்கே வசிப்பவராகக் கணக்கில் எடுக்கச் சொல்லும் வாய்ப்பைப் பயன்படுத்தி, மனைவியோடு சேர்த்து ஃபைல் செய்ய நினைக்கிறார். சட்டப்படி அவர் அடுத்த வருடத்தில் நாள் கணக்குச் சோதனையில் தேறிய பிறகுதான் ரிட்டர்னை அனுப்ப முடியும். இந்த நாட்டில் 183 நாள் இருந்தாரா என்று பார்க்கும் அந்தச் சோதனையில் முந்தைய வருடத்து நாட்களில் மூன்றில் ஒரு பங்குதான் சேரும். அக்டோபர் தொடக்கத்தில் வந்தவருக்கு அது சுமார் 30 நாள். மிச்சம் தேறுவதற்குள் ஜூன் ஆகிவிடும். அவருக்கு எக்ஸ்டென்ஷனைத் தவிர வேறு வழி இல்லை. மனைவி எச்-4 விசாவில் வந்திருந்தால் ஐடின் என்ற வரி அடையாள எண்ணுக்கான விண்ணப்பமும் அந்த ரிட்டர்னோடுதான் போக வேண்டும். ஊருக்குப் புதிது, வேலை புதிது. மாநிலத்துக்கு இன்னொரு காகிதம் இருக்கிறது என்று அவருக்கு யார் சொல்வார்கள்? நம் பத்திரிகைதான் சொல்ல வேண்டும்.

இன்னொன்றும் உண்டு. சில வருடங்களில் ஐ.ஆர்.எஸ். தானே தேதியைத் தள்ளிவைக்கும். அப்போதும் மாநிலங்கள் தனித்தனியாகத்தான் முடிவெடுக்கின்றன. 2020-இல் கொரோனா காரணமாக ஐ.ஆர்.எஸ். ஜூலை 15 வரை நேரம் கொடுத்தது. வர்ஜீனியாவோ மாநில வரியைக் கட்ட ஜூன் 1 வரைதான் கொடுத்தது. செய்தியில் ஒரு தேதியைக் கேட்டுவிட்டு எல்லாவற்றுக்கும் அதுவே என்று இருந்துவிட முடியாது.

எந்த எக்ஸ்டென்ஷனும் ஃபைல் செய்வதற்குத்தான், பணம் கட்டுவதற்கு அல்ல என்பதை உங்கள் பதிலில் ஒரு வரியில் சொல்லியிருந்தீர்கள், நன்றி. அதைத் தடித்த எழுத்தில் போட்டிருக்கலாம்.

நியூயார்க் சட்டமன்றத்தில் நமக்கு ஓட்டு இல்லை, ஆனால் அங்கே குடியிருக்கும் வாசகர்களுக்கு இருக்கிறது. 4868-ஐயே ஏற்றுக்கொள்ளச் சொல்லி அவர்கள் தங்கள் தொகுதி உறுப்பினருக்கு எழுத வேண்டும். உங்களிடம் என் வேண்டுகோள் சிறியது. வருகிற மார்ச் இதழில், நம் மக்கள் அதிகம் இருக்கும் மாநிலங்களுக்கு ஒரு பக்கம் ஒதுக்கி, எங்கே தனிப் படிவம் வேண்டும், எங்கே எத்தனை சதவீதம் முன்னால் கட்ட வேண்டும் என்று அச்சிடுங்கள். ஏப்ரல் இதழ் கைக்கு வரும்போது பலருக்கு நாள் தாண்டியிருக்கும்.

அன்புடன்,
வாசகர் ஒருவர்,
எடிசன், நியூஜெர்சி