மூன்று இரவுகள் எங்களோடு உட்கார்ந்த எல்லோருக்கும்

அன்புள்ள எல்லோருக்கும்,

நம் திரைப்பட விழா முடிந்து நான்கு நாளாகிறது, எனக்கு இன்னும் சரியாகத் தூக்கம் வரவில்லை. ஆண் ஆணையும் பெண் பெண்ணையும் காதலிக்கும் கதைகளை நம் ஆட்கள் சேர்ந்து உட்கார்ந்து, அதுவும் தமிழில் வரி படித்துப் பார்க்க வேண்டும் என்று போன வருஷம் சிங்கப்பூர் தேக்காவில் ஐந்து பேர் தே குடித்துக்கொண்டே பேசியது, நடந்தே விட்டது.

முதல் நன்றி சப்டைட்டில் எழுதிய ஆறு பேருக்கு. 'காதல் தி கோர்' மலையாளம், 'ஃபயர்' பெரும்பாலும் ஆங்கிலம், எங்கள் அம்மாக்களுக்கு இரண்டுமே முழுதாக எட்டாது. உரிமையாளர்களின் ஒப்புதல் கிடைத்ததும், வேலை முடிந்து வந்து இரவு ஒரு மணி வரை உட்கார்ந்தீர்கள். ஒரே ஒரு சொல்லுக்காக மூன்று நாள் வாதாடினோமே, அதை மறக்கவே மாட்டேன். 'ஓரினச்சேர்க்கை' என்று போட்டால் எல்லோருக்கும் சட்டென்று புரியும் என்றார் பிடோக் அண்ணன். அந்தச் சொல் ஆளைப் படுக்கையறையைத் தாண்டி வெளியே விடாது, 'தன்பாலீர்ப்பு' என்றால்தான் மனசும் உள்ளே வரும் என்று செங்காங் தங்கை விடவே இல்லை. நீளமான சொல், திரையில் சில நொடிதான் நிற்கும். அதற்கு இடம் கொடுக்க வரியின் மற்ற சொற்களையெல்லாம் நறுக்கினீர்கள்.

அதன் பலனை நான் கண்ணால் பார்த்தேன். உட்லண்ட்ஸிலிருந்து வந்த நான்கு அம்மாக்கள் 'ஜோதிகா படம்' என்றுதான் வந்தார்கள். மம்மூட்டி தேர்தலில் நிற்கும் நேரத்தில் மனைவி விவாகரத்து கேட்கிறார், காரணம் மெல்ல மெல்லத் தெரிகிறது, அரங்கில் ஒரு சத்தம் இல்லை. வெளியே வந்ததும் ஒருவர், "அந்தப் பொண்ணு இத்தனை வருஷம் எப்படித் தாங்குச்சோ" என்றார். கொஞ்சம் பொறுத்து, "அவரும்தான் பாவம், யாருகிட்ட சொல்லுவாரு?" அம்மா, நீங்கள் வந்ததற்கு நன்றி.

இரண்டு வாரம் இருக்கும்போது முதலில் தருவதாகச் சொன்ன இடம் கைவிரித்துவிட்டது. அன்று நான் அழுதேன். அடுத்த நாளே தன் இடத்தைத் திறந்துவிட்டு, வாடகையைப் பிறகு பேசிக்கொள்ளலாம் என்ற அண்ணனுக்கு எப்படி நன்றி சொல்வது என்றே தெரியவில்லை. வாசலில் நின்று ஒவ்வொருவரின் ஐசியையும் (அடையாள அட்டை) முகம் சுளிக்காமல் பார்த்து உள்ளே அனுப்பிய தம்பிகளுக்கும் நன்றி.

இரண்டாம் நாள் கடைசி வரிசையில் தனியாக உட்கார்ந்திருந்த ஐயாவுக்கு. உங்களுக்கு அறுபதைத் தாண்டியிருக்கும். ஆணும் ஆணும் உறவு கொள்வதைக் குற்றமாக்கி 1938இல் ஆங்கிலேயர் கொண்டுவந்த 377ஏ சட்டப் பிரிவை நம் நாடாளுமன்றம் 2022 நவம்பர் 29 அன்றுதான் நீக்கியது, அதாவது உங்கள் இளமை முழுக்க அந்தச் சட்டத்தின் கீழேயே போயிருக்கிறது. 'ஃபயர்' 1996இல் வந்தபோது யாரோடும் சேர்ந்து பார்க்கத் துணியவில்லை என்று சொன்னீர்கள். இந்த முறை பக்கத்தில் நூறு பேர் இருந்தோம், ஐயா. அடுத்த விழாவுக்கு முன் வரிசையில் உங்களுக்கு இடம் போட்டு வைக்கிறேன்.

அப்புறம் மூன்றாம் நாள், 'காதல் என்பது பொதுவுடைமை'. மகள் காதலிப்பது ஒரு பெண்ணை என்று தெரிந்ததும் ரோகிணி தவிப்பதைப் பார்த்தபோது பாதி அரங்கம் தன் வீட்டைப் பார்த்தது. என் அம்மா என் பக்கத்தில்தான் இருந்தார். ஒன்றும் சொல்லவில்லை, இடைவேளையில் தன் வடையில் பாதியைப் பிய்த்து என் தோழியின் கையில் வைத்தார். மூன்று வருஷமாக அவள் பெயரைக்கூடச் சொல்லாதவர்.

அந்த வடை ஈசூன் அக்கா விடிகாலை நான்கு மணிக்கு எழுந்து சுட்டது. அக்கா, உங்கள் டிபன் கேரியரின் மேல் அடுக்கு என்னிடம் இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை அம்மாவும் நாங்கள் இருவரும் கொண்டுவந்து தருகிறோம்.