குதிரையின் வாய்க்கும் மதிப்பெண் வையுங்கள்

குமரி மாவட்டத்தில் குதிரைக் காட்சிப் போட்டி நடத்தும் விழாக் குழுவினருக்கும், நடுவர் நாற்காலியில் அமரும் பெரியவர்களுக்கும்,

வணக்கம். கோயில் கொடை, பொங்கல் விளையாட்டு என்று ஏதாவது ஒரு சாக்கில் நம் மாவட்டத்திலும் குதிரைகளை வரிசையில் நிறுத்திப் பரிசு கொடுக்கும் வழக்கம் வந்திருக்கிறது. நல்லது. பந்தயத்துக்காக அல்லாமல் ஆசைக்காகவே குதிரை வளர்க்கும் இளைஞர்களுக்கு அப்படி ஒரு மேடை வேண்டும். நான் பார்த்த விதித்தாள்களில் நுழைவுக் கட்டணம், குதிரையின் உயரம், பல் கணக்கு, சவாரி செய்பவரின் தலைப்பாகை வரை எல்லாம் இருந்தன. கடிவாளத்தைப் பற்றி மட்டும் ஒரு வரியும் இல்லை. அந்த வரியைக் கேட்கத்தான் எழுதுகிறேன்.

எது பரிசு வாங்குகிறது என்று கவனித்துப் பாருங்கள். கழுத்தை வளைத்து, வாயைப் பிளந்து, நின்ற இடத்திலேயே துள்ளும் குதிரைக்குக் கைதட்டல் விழுகிறது. வாயை மூடிக்கொண்டு, காதை இங்கும் அங்கும் திருப்பியபடி அமைதியாக நடக்கும் குதிரையைச் சோம்பேறி என்று ஒதுக்கிவிடுகிறோம். இந்தக் கண்பழக்கம் எங்கிருந்து வந்தது என்று எனக்கு ஓரளவு புரிகிறது. விஜயதசமியன்று மகாதானபுரத்துக்குப் பரிவேட்டை போகும் பகவதி அம்மனின் குதிரை வாகனத்தையும், சுவாமித்தோப்பில் எட்டாம் நாள் கலிவேட்டைக்கு எழுந்தருளும் அய்யா வைகுண்டரின் வெள்ளைக் குதிரை வாகனத்தையும் பார்த்து வளர்ந்தவர்கள் நாம். வாகனக் குதிரையைச் செதுக்கும் ஆசாரி பெரும்பாலும் பல் தெரிய வாய் திறந்தபடிதான் செதுக்குவார். மரத்துக்கு அது கம்பீரம். உயிருள்ள குதிரை கடிவாளம் போட்டதும் வாயைப் பிளந்துகொண்டே இருந்தால், வாய்க்குள் கிடக்கும் கடிவாளக் கம்பி எங்கோ உறுத்துகிறது அல்லது பல்லில் கோளாறு என்றுதான் முதலில் சந்தேகிக்க வேண்டும். தலையை உதறுவது, நாக்கைக் கம்பிக்கு மேலே எடுத்துப் போட்டுக்கொள்வது, தாடையைக் கோணுவது எல்லாம் அதே புகார்தான்.

முன் பற்களுக்கும் கடைவாய்ப் பற்களுக்கும் நடுவே பல் இல்லாத ஈறு ஒன்று உண்டு. கம்பி உட்காரும் இடம் அது. மெல்லிய ஈறு, அதற்கு அடியிலேயே விளிம்பு கூர்ந்த தாடை எலும்பு. தாங்கிக்கொள்ளச் சதை கிடையாது. மேலே அண்ணம், நடுவே வாயை அடைத்துக் கிடக்கும் நாக்கு. இத்தனை குறுகிய இடத்தில்தான் சிலர் முறுக்குக் கம்பியையும், பல் வைத்த முள் கடிவாளத்தையும், சைக்கிள் செயினையும் மாட்டுகிறார்கள். கேட்டால், "அடங்காத குதிரை அண்ணாச்சி" என்று பதில் வரும். வலியில் ஓடும் குதிரையை இன்னும் கொஞ்சம் வலிக்க வைத்து நிறுத்தப் பார்க்கும் கணக்கு எனக்கு இன்றுவரை பிடிபடவில்லை.

கம்பியைத் தேர்வு செய்வது பெரிய வித்தை அல்ல. ஆனால் அந்தந்தக் குதிரையின் வாயைப் பார்த்துத்தான் செய்ய வேண்டும். வழவழப்பான மரக்குச்சி ஒன்றை வாயின் குறுக்கே வைத்து, உதட்டோரங்கள் இரண்டையும் குறித்துக்கொண்டால் அகலம் கிடைத்துவிடும். பக்கத்துக்கு அரை சென்டிமீட்டர் கூடுதலாக இருந்தால் போதும். அதைவிடக் குறைந்தால் உதட்டைக் கிள்ளும். மிகவும் கூடினால் இடமும் வலமும் வழுக்கி உரசும். நடுவில் ஒரே மூட்டு உள்ள கம்பி, கையில் பிடிக்கும் இரண்டு கடிவாள வாரையும் சேர்த்து இழுக்கும்போது பாக்குவெட்டிபோல் மடங்கி நாக்கை இறுக்கும். அண்ணம் தாழ்ந்த குதிரைக்கு அந்த மூட்டு மேலேயும் குத்தும். இரண்டு மூட்டும் நடுவே தட்டையான சிறு துண்டும் உள்ளது, நாக்கின் மேல் படிந்து பல குதிரைகளுக்கு இதமாக இருக்கும். சில குதிரைகளுக்கு மூட்டே இல்லாமல் லேசாக வளைந்த கம்பிதான் பிடிக்கும். தடித்த கம்பி என்றாலே மென்மையானது என்று நம் ஊரில் ஒரு நம்பிக்கை உண்டு. அழுத்தத்தைப் பரப்பும் என்பது சரி. ஆனால் நாக்கு பருத்து, வாய்க்குள் இடம் குறைந்த குதிரைக்கு அதே தடிப்பு வாயை மூட விடாது.

நம் மாவட்டத்துக்கே உரிய தொல்லை ஒன்றும் இருக்கிறது. சங்குத்துறை, சொத்தவிளை, முட்டம் என்று கடற்காற்று படும் இடங்களில் மலிவான இரும்பும் முலாம் பூசிய கம்பியும் சீக்கிரம் துருப்பிடித்து உரிந்துவிடும். உரிந்த முலாமின் ஓரம் பிளேடுபோல் இருக்கும். நல்ல துருப்பிடிக்காத எஃகுக் கம்பியை வாங்கி, ஒவ்வொரு சவாரிக்குப் பிறகும் நல்ல தண்ணீரில் கழுவித் துடைத்து வைத்தால் ஆண்டுக்கணக்கில் வரும். சேணத்துக்குக் குஞ்சம் வாங்கும் காசில் பாதியைக் கம்பிக்குக் கொடுத்தால் போதும்.

வயதைப் பல்லால் கணக்கிட்டு இளங்குதிரைகளுக்கு நீங்கள் நடத்தும் "இரண்டு பல்" பிரிவைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். ஏறக்குறைய இரண்டரை வயதில்தான் முன்வாயின் நடுப் பால் பற்கள் விழுந்து நிலைப்பற்கள் முளைக்கின்றன. அதே சமயத்தில் முதல் கடைவாய்ப் பால் பற்களும் மாறுகின்றன. போதாததற்குச் சில குட்டிகளுக்குக் கம்பி படும் இடத்தருகே ஓநாய்ப் பல் என்ற சிறு பல்லும் இருக்கும். வாயே புண்ணாக இருக்கும் பருவத்துக் குட்டியைச் சங்கிலிக் கடிவாளத்தோடு பின்னங்காலில் நிற்க வைத்துக் காட்டுகிறார்கள். நாமும் பரிசு கொடுக்கிறோம். பால் பல், இரண்டு பல் பிரிவுகளைக் கம்பியே இல்லாமல் தலைக்கயிற்றோடு நடத்துங்கள். அந்த வயதில் பார்க்க வேண்டியது கால் எலும்பும் நடையும்தானே?

பிரிட்டனின் உள்ளூர்க் காட்சிகளில், குழந்தையை ஏற்றிப் பெரியவர் கயிறு பிடித்து நடத்தும் குட்டைக் குதிரைப் பிரிவிலும், புதுக் குதிரைகளின் பிரிவிலும், வாரை இழுத்தால் நெம்புகோல்போல் அழுத்தும் பக்கத் தண்டு இல்லாத எளிய கம்பி மட்டும் போடுவதுதான் வழக்கம். தாடைச் சங்கிலியும் தண்டும் கொண்ட கடிவாளம், பழகிய குதிரைக்கும் பழகிய கைக்கும் உரியது. நாமோ நேற்று வாங்கிய குதிரைக்குத்தான் முதலில் அதைத் தேடுகிறோம்.

சட்டமும் நம் பக்கம் இருக்கிறது. மிருகவதைத் தடுப்புச் சட்டம் 1960-இல் வந்தது. அதன் கீழ் 1965-இல் வந்த, இழுவை, சுமை விலங்குகளுக்கான விதிகள், முள் வைத்த கடிவாளத்தைத் தடை செய்கின்றன. ஆகவே, நான் கேட்பதில் பாதி ஏற்கெனவே நாட்டின் விதி. அதை உங்கள் தாளில் ஒரு வரியாக அச்சிட்டு, நுழைவாயிலில் கம்பியை விரலால் தடவிப் பார்க்க ஓர் ஆளை நிறுத்துங்கள். கால்நடை மருத்துவர் ஒருவரை அழைத்து உட்கார வைத்தால் இன்னும் நல்லது.

மீதிப் பாதி நடுவர்களின் கையில் இருக்கிறது. நூற்றுக்கு இருபது மதிப்பெண்ணை அமைதியான வாய்க்கு ஒதுக்குங்கள். இங்கே ஓர் எச்சரிக்கை: மூடிய வாய்க்கு மதிப்பெண் என்று அறிவித்த மறுநாளே மூக்குவாரை இறுக்கிக் கட்டி வாயை மூடிக் கொண்டுவருவார்கள். நம் ஆட்களை நமக்குத் தெரியாதா? மூக்கெலும்பின் மேல், வாருக்கு அடியில் இரண்டு விரல் நுழைய வேண்டும் என்பதையும் சேர்த்து எழுதுங்கள். சர்வதேசக் குதிரையேற்றச் சம்மேளனமே 2025 முதல் இதற்கென்று ஓர் அளவுகோலை நடைமுறைக்குக் கொண்டுவந்திருக்கிறது. நமக்கு விரலே போதும்.

அடுத்த போட்டிக்கு விதித்தாள் அச்சுக்குப் போகும் முன் சொல்லி அனுப்புங்கள். என்னிடம் நான்கைந்து அளவுகளில் வழவழப்பான கம்பிகள் இருக்கின்றன. காலையிலேயே கொண்டுவந்து, நுழைவாயிலில் திருப்பி அனுப்பப்படும் குதிரைகளுக்கு அளவு பார்த்து மாட்டித் தருகிறேன். போட்டி முடிந்ததும் கழுவித் திருப்பிக் கொடுத்தால் போதும்.

இப்படிக்கு,
தக்கலை அருகே குதிரை வளர்க்கும் ஒருவன்