எங்கள் அப்பாவுக்கும் அது நல்லடக்கம்தான்

மதிப்பிற்குரிய தமிழ்ச் செய்தி ஆசிரியர்களுக்கு,

வணக்கம். போன மாதம் வேலையிடத்தில் சாரம் சரிந்து எங்கள் அப்பா இறந்துபோனார். மறுநாள் உங்களில் ஒருவரின் நாளிதழில் நான்கு வரி: "பிரேத பரிசோதனைக்குப் பின் சடலம் புதைக்கப்பட்டது." அதே பக்கத்தில் மேலே ஓர் அரசியல் பிரமுகரின் மறைவுச் செய்தி. அவருடைய உடல் மட்டும் "நல்லடக்கம் செய்யப்பட்டது."

அம்மாவுக்கு எழுத்துக்கூட்டித்தான் படிக்க வரும். விரல் வைத்து வாசித்துக்கொண்டே வந்தவர் 'புதைக்க' என்ற இடத்தில் நின்றுவிட்டார். "நாயையா புதைச்சோம்?" என்று கேட்டார். என்னிடம் பதில் இல்லை. குழிக்குள் உப்பும் விபூதியும் போட்டு, புது வேட்டி கலையாமல் மெல்ல இறக்கினோம். ஆளுக்கு மூன்று பிடி மண். தம்பி தன் கையில் அள்ளிய மண்ணில் கிடந்த கல்லைப் பொறுக்கி எறிந்துவிட்டுத்தான் போட்டான், அப்பா மேல் படக்கூடாதென்று.

இதற்குத்தான் தமிழில் நல்லடக்கம் என்று பெயர். உயிர் அடங்கியது என்கிறோமே, அந்த 'அடங்கு' தான் இதிலும் இருக்கிறது. அடங்கிய உடலை மண்ணுக்குள் முறையோடு வைப்பது அடக்கம். 'நல்' என்பது நாம் சேர்க்கும் மரியாதை. புதைத்தல் கெட்ட சொல் இல்லை. ஆனால் "கொன்று புதைத்தனர்" என்று நாள்தோறும் எழுதி எழுதி அதை அந்த இடத்துக்குக் கொண்டுபோனவர்கள் நீங்கள். காவிரிப்பூம்பட்டினத்துச் சுடுகாட்டைப் பற்றிப் பேசும் மணிமேகலை, "தொடுகுழிப் படுப்போர்" என்கிறது. தோண்டிய குழியில் படுக்க வைக்கிறவர்கள்!

மெரினாவில் 2016இல் ஜெயலலிதாவையும் 2018இல் கருணாநிதியையும் மண்ணில் வைத்தபோது நல்லடக்கம் என்றே எழுதினீர்கள். அதில் எங்களுக்கு வருத்தம் இல்லை. அதே சொல்லை எல்லாருக்கும் எழுதுங்கள் என்கிறோம். எரியூட்டினால் தகனம், மண்ணில் வைத்தால் நல்லடக்கம், இறந்தவர் யாராக இருந்தாலும். மின்மயானத்தில் தகனமான பெரிய மனிதருக்குக்கூடச் சிலர் நல்லடக்கம் என்று எழுதிவிடுகிறார்கள். அங்கே தவறாகக்கூடத் தாராளமாய் வருகிற சொல், கொத்தனாருக்கு ஏன் வரமாட்டேன் என்கிறது?

சொல்லப்போனால் இது ஒன்று மட்டுமில்லை. சாக்கடைத் தொட்டிக்குள் விஷவாயு தாக்கி இறந்தவரை "பலி" என்கிறீர்கள். யார் யாருக்குக் கொடுத்த பலி? உயிரோடு இருந்தவரைக்கும் 'அவர்' என்று எழுதப்படாத மனிதர், இறந்ததும் சடலம் ஆகிவிடுகிறார். மன்னியுங்கள், கோபத்தில் எங்கோ போய்விட்டேன். நான் கேட்க வந்தது ஒரு சொல்.

அப்பாவின் பெயர் அச்சில் வந்தது அந்த ஒரு தாளில்தான். அம்மா அதை மடித்து ரேஷன் கார்டோடு வைத்திருக்கிறார். தூக்கிப் போட மனசில்லை, பிரித்துப் பார்க்கவும் மனசில்லை. இனி இப்படி இன்னொரு வீட்டுக்குப் போகிற தாளிலாவது 'நல்லடக்கம்' என்று அச்சிடுங்கள். பணிவோடு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஒரு கொத்தனாரின் மகள்